'ரிப்பீட்' என்ற ஆங்கில வினையை வாக்கியத்தில் சரியாக அமைப்பது எப்படி?

கேள்வி: மாலைப் பள்ளி ஆசிரியை, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அனைவருக்கும் வணக்கம். கோவில் வளாகத்தில் நடைபெறும் மாலைப் பள்ளியில் நான் தமிழ் கற்பிக்கிறேன். ஸ்கூல் சர்ட்டிபிகேட் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் தமிழ்ப் பாடம் முடிந்ததும் தங்கள் ஆங்கிலக் கட்டுரைகளையும் என்னிடம் காட்டித் திருத்தித் தரும்படி கேட்பது வழக்கம். அந்தக் கட்டுரைகளில் 'ரிப்பீட்' என்ற எளிய வினை அடிக்கடி இடறுகிறது. அண்மையில் நான் குறித்து வைத்த நான்கு வாக்கியங்களை இங்கே தருகிறேன்.

'வீ ரிப்பீட்டட் த டிராமா எவ்ரி சாட்டர்டே பிஃபோர் த ஷோ' என்பது வருடப் பிறப்பு விழா நாடகத்தைப் பற்றி ஒரு மாணவி எழுதியது. 'கேன் யூ ரிப்பீட் மீ த கொஸ்டியன்?' என்பது ஓர் உரையாடலில் வந்தது. 'மை மதர் ரிப்பீட்டட் டு டெல் மீ நாட் டு கோ டு த ரிவர்' என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். நான்காவது, 'த டீச்சர் ரிப்பீட்டட் அகெய்ன் த ரூல்' என்பது.

இவற்றில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. "படித்தால் பொருள் விளங்குகிறதே, பிறகு ஏன் சிவப்பு மை?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள், அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. இப்பிள்ளைகள் வீட்டில் பிரெஞ்சிலிருந்து உருவான கிரியோல் மொழியைப் பேசுகிறார்கள், செய்தித்தாளையும் தொலைக்காட்சியையும் பிரெஞ்சில் அறிகிறார்கள், ஆங்கிலத்தைப் பெரும்பாலும் பாடநூலில் மட்டுமே காண்கிறார்கள். "அது அப்படித்தான், மனப்பாடம் செய்துகொள்" என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. காரணத்தோடு, அதுவும் தமிழில், எப்படி விளக்கலாம் என்று அறிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், காத்ர் போர்ன்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான்கும் வெவ்வேறு பிழைகளாகத் தோன்றினாலும், முதலாவதைத் தவிர ஏனைய மூன்றும் வினைக்குப் பின் எது வரலாம், எந்த வரிசையில் வரலாம் என்ற ஒரே கேள்வியிலிருந்து பிறந்தவை. ஆகவே மூன்றாவது வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். அதை விளங்கிக்கொண்ட மாணவனுக்கு மற்றவை எளிதாகிவிடும்.

தமிழில் ஒரு செயல் மறுபடி நிகழ்வதைச் சொல்ல நாம் பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஓர் அடையை வைக்கிறோம். 'திரும்பக் கேட்டாள்', 'மறுபடியும் எழுதினான்', 'மீண்டும் வந்தார்கள்' என்னும்போது கேட்டதும் எழுதியதும் வந்ததுமே முதன்மை வினைகள். 'திரும்ப', 'மறுபடியும்', 'மீண்டும்' ஆகியவை அவற்றுக்குத் துணை நிற்கின்றன. அதுவும் போதாது என்று தோன்றினால் வினையெச்சத்தையே அடுக்கி, 'சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்' என்கிறோம். ஆங்கிலத்தின் 'ரிப்பீட்' இந்த இனத்தைச் சேர்ந்தது அன்று. அது அடை அன்று, துணை வினையும் அன்று, முழு வினை. அதற்குப் பின்னால் 'டு டெல்', 'டு ஆஸ்க்' என்று இன்னொரு வினை வந்து அமர இடமில்லை. 'எதை?' என்று கேட்டால் விடையாக வரும் ஒரு பெயரையே அது எதிர்பார்க்கிறது. கேள்வியை, எச்சரிக்கையை, தவறை, சோதனையை, அறிவுரையைத்தான் ஒருவர் 'ரிப்பீட்' செய்கிறார்.

எனவே அந்த மாணவனின் தாய் 'ரிப்பீட்டட் ஹெர் வார்னிங்' என்று சொல்லலாம். சொன்னதையே ஒரு முழு வாக்கியமாகத் தர விரும்பினால் 'தட்' சேர்த்து, 'ஷி ரிப்பீட்டட் தட் த ரிவர் வாஸ் டேஞ்சரஸ்' என்றும் எழுதலாம். 'திரும்பத் திரும்பச் சொன்னார்' என்ற நம் தமிழ்ச் சொற்றொடரின் சாயலே வேண்டும் என்றால் 'ரிப்பீட்' வினையை விட்டுவிட வேண்டும். 'ஷி கெப்ட் டெல்லிங் மீ', 'ஷி டோல்ட் மீ அகெய்ன் அண்ட் அகெய்ன்', 'ஷி ரிப்பீட்டட்லி டோல்ட் மீ' என்ற மூன்றும் நல்ல ஆங்கிலம். கடைசி வடிவத்தில் அந்தச் சொல் 'லி' ஈறு பெற்று அடையாகிவிட்டதைக் கவனியுங்கள். தமிழ் மனம் தேடுவது உண்மையில் அந்த 'ரிப்பீட்டட்லி' என்னும் அடையைத்தான். வகுப்பில் நான் மாணவர்களிடம், "உன் தமிழ் வாக்கியத்தில் 'திரும்ப' என்ற சொல்லை மூடிவிட்டுப் பார், மிச்சம் ஒரு வினை இருந்தால் ஆங்கிலத்திலும் அந்த வினையையே முதன்மையாக வை" என்று சொல்வேன். இலக்கண விதியைச் சொன்னபோது விழித்த பிள்ளைகள்கூட இதைச் செய்து பார்த்ததும் தாமே திருத்தினார்கள்.

இனி இரண்டாவது வாக்கியம். 'ரிப்பீட் மீ த கொஸ்டியன்' என்பதில் பிரெஞ்சின் கை தெளிவாகத் தெரிகிறது. பிரெஞ்சில் 'ரெபெத்தே' வினையோடு 'எனக்கு' என்னும் பொருளில் 'முவா' ஒட்டிக்கொண்டு வருவது முற்றிலும் முறையானது. ஆங்கிலத்திலும் 'டெல் மீ', 'கிவ் மீ', 'ஷோ மீ' என்று வருவதால் மாணவனுக்கு ஐயம் எழவே வழியில்லை. ஆனால் ஆளையும் பொருளையும் அடுத்தடுத்து ஏற்கும் வினைகள் ஆங்கிலத்தில் ஒரு தனிக் குழு. 'ரிப்பீட்', 'எக்ஸ்பிளெய்ன்', 'சே', 'டிஸ்கிரைப்' ஆகியவை அந்தக் குழுவில் இல்லை. இங்கே தமிழே கைகொடுக்கும். 'எனக்கு' என்ற சொல்லில் நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு' வெளிப்படையாக நிற்கிறது அல்லவா? அந்த உருபை ஆங்கிலத்திலும் வெளிப்படையாக நிறுத்தி, 'ரிப்பீட் த கொஸ்டியன் டு மீ' என்றோ, எனக்காகச் செய்யுங்கள் என்ற வேண்டுகோளாக 'ஃபார் மீ' என்றோ எழுத வேண்டும். பொருள் முன்னே, ஆள் பின்னே.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, நம் தீவில் நாள்தோறும் காதில் விழும் 'கேன் யூ ரிப்பீட்?' என்னும் பாதி வாக்கியம். தமிழில் 'திரும்பச் சொல்லுங்கள்' என்றால் போதும், பிரெஞ்சிலும் செயப்படுபொருள் இல்லாமல் கேட்கலாம். ஆங்கிலத்தில் அங்கே ஒரு 'தட்' வேண்டும்: 'குட் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்?' அந்தச் சிறு சொல் இல்லாவிட்டாலும் கேட்பவருக்குப் புரியும் என்பது உண்மைதான். ஆனால் எழுதிய விடையைத் திருத்துபவர் வாக்கியம் முடியாமல் தொங்குவதாகவே கருதுவார்.

நான்காவது வாக்கியத்தில் இரண்டு குறைகள். 'ரிப்பீட்' என்பதற்குள்ளேயே 'மறுபடி' அடங்கியிருப்பதால் 'அகெய்ன்' சேர்ப்பது, நம் இலக்கணம் பத்துக் குற்றங்களில் ஒன்றாக எண்ணும் 'கூறியது கூறல்' ஆகிறது. ஏற்கெனவே ஒருமுறை திரும்பச் சொன்னதை இன்னும் ஒருமுறை சொன்னால் மட்டும் 'யெட் அகெய்ன்' பொருந்தும். இரண்டாவது குறை சொற்களின் வரிசை. வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே அடையைச் செருகுவது பிரெஞ்சில் இயல்பு. ஆங்கிலம் அதை விரும்புவதில்லை. 'ரிப்பீட்டட் த ரூல்' என்று நிறுத்திவிட்டால் இரண்டு குறையும் ஒருங்கே நீங்கும்.

பதில்: நாடகக் குழு உறுப்பினர், போ பாஸென்

ஐயா முதல் வாக்கியத்தை விட்டுவிட்டதால் அதை நான் எடுத்துக்கொள்கிறேன். பல ஆண்டுகளாக ஒத்திகைகளில் நிற்பவன் என்ற முறையில் அதைப் பற்றி எனக்கு அக்கறை உண்டு.

அந்த மாணவி சொல்ல வந்தது 'ஒத்திகை பார்த்தோம்' என்பது. பிரெஞ்சிலும் கிரியோலிலும் ஒத்திகை பார்ப்பதற்கு 'ரெபெத்தே' என்பதே சொல். பிரெஞ்சில் ஒத்திகைக்குப் பெயரே 'ரெபெதிஸியோன்'. ஆங்கிலத்தில் அந்தப் பொருளுக்கு 'ரிஹர்ஸ்' என்று தனி வினை இருக்கிறது. 'வீ ரிப்பீட்டட் த டிராமா' என்று படிக்கும் ஆங்கிலேயர், நாடகம் ஒருமுறை மேடையேறிய பிறகு அதையே மறுபடியும் மேடையேற்றினார்கள் என்று புரிந்துகொள்வார். அதே வாக்கியத்தில் 'பிஃபோர் த ஷோ' என்று வருவதால் அவர் குழம்பிப்போவார். இதர மூன்று வாக்கியங்களில் இலக்கணம் மட்டுமே கெடுகிறது; இதில் இலக்கணம் சரியாக இருக்கிறது, செய்தி மாறிவிடுகிறது. என்னைக் கேட்டால் நான்கில் இதுவே முதலில் திருத்தப்பட வேண்டியது.

இரு மொழிச் சொற்களும் இலத்தீனின் 'ரெபெத்தெரே' என்ற ஒரே வினையிலிருந்து வந்தவை. 'மறுபடி நாடிச் செல்லுதல்' என்பது அதன் பழம்பொருள். 'ரிஹர்ஸ்' என்ற சொல்லோ பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. உழுத நிலத்தில் பரம்படிக்கும் கருவியின் பெயர் அதற்குள் இருக்கிறது. ஒருமுறை பரம்படித்த மண்ணை மறுபடியும் பரம்படிப்பது என்ற செயலே, சொன்னதைத் திரும்பச் சொல்வதாகி, பிறகு நாடக ஒத்திகையாக வளர்ந்தது. பிரெஞ்சு தான் ஈன்ற சொல்லை ஆங்கிலத்திடம் விட்டுவிட்டு, ஒத்திகைக்கு வேறொரு சொல்லை வைத்துக்கொண்டது. மாணவிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் அவள் அந்த வேறுபாட்டை மறக்கமாட்டாள் என்று நம்புகிறேன். 1810-ல் இத்தீவு ஆங்கிலேயரின் கைக்கு வந்தபோது செய்துகொண்ட உடன்படிக்கையில் மக்கள் தங்கள் சமயத்தையும் சட்டங்களையும் வழக்கங்களையும் தொடர்ந்து வைத்துக்கொள்ள இடம் தரப்பட்டது; பிரெஞ்சு மொழியும் இங்கே நிலைத்துவிட்டது. ஆகவே நம் பிள்ளைகளின் ஆங்கிலத்துக்குள் பிரெஞ்சு நடமாடுவதற்காக அவர்களைக் கடிந்துகொள்வது முறையாகாது.

பதில்: கல்லூரி அலுவலகப் பணியாளர், கியூர்பிப்

காத்ர் போர்ன் ஐயா அவர்களின் விளக்கம் மிகத் தெளிவாக உள்ளது. இருப்பினும் 'எதை?' என்ற கேள்விக்கு விடை எப்போதும் வாக்கியத்தில் இருந்தே தீர வேண்டும் என்று மாணவர்கள் எடுத்துக்கொண்டால், சரியான வாக்கியங்களையும் அவர்கள் அடித்துவிடக் கூடும். வகுப்பறையில் ஆசிரியர் 'ரிப்பீட் ஆஃப்டர் மீ' என்கிறார். அங்கே செயப்படுபொருள் இல்லை. துணியில் அச்சிட்ட பூவேலையைப் பற்றி 'த பேட்டர்ன் ரிப்பீட்ஸ்' என்று எழுதலாம். வரலாறு திரும்புகிறது என்பதை 'ஹிஸ்டரி ரிப்பீட்ஸ் இட்செல்ஃப்' என்பார்கள். அதில் வரலாறே எழுவாயும் செயப்படுபொருளும் ஆகிறது. சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவரைப் பற்றி 'ஹி இஸ் ரிப்பீட்டிங் ஹிம்செல்ஃப்' என்பதும் அவ்வாறே.

என் மேசைக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி காணும் இன்னொரு பயன்பாட்டையும் சொல்ல வேண்டும். ஒரு வகுப்பில் தேறாத மாணவன் அதே வகுப்பில் மறுபடி படிப்பதைப் பிரெஞ்சில் 'ரெதூப்ளே' என்பார்கள். அதை நினைத்துக்கொண்டு பெற்றோர் 'மை சன் வில் டபுள் ஹிஸ் கிளாஸ்' என்று எழுதுகிறார்கள். 'டபுள்' என்றால் ஆங்கிலத்தில் இரண்டு மடங்காக்குதல் மட்டுமே. இங்கேதான் 'ரிப்பீட்' மிகச் சரியான சொல்: 'ஹி இஸ் ரிப்பீட்டிங் த இயர்', 'ஹி ஹாட் டு ரிப்பீட் கிரேட் லெவன்'. ஆனால் வகுப்பில் உட்காராமல் தேர்வை மட்டும் மறுபடி எழுதுவது வேறு. அதற்கு 'ரீசிட்' என்பது பிரிட்டிஷ் வழக்கு, 'ரீடேக்' என்றும் சொல்லலாம். இந்த இரண்டையும் மாற்றி எழுதினால் மாணவன் பள்ளிக்கு வருகிறானா இல்லையா என்பதே எங்களுக்கு விளங்காமல் போகிறது.

மேலும், 'டோண்ட் ரிப்பீட் திஸ்' என்று ஒருவர் தாழ்ந்த குரலில் சொன்னால், 'இதை இன்னொரு முறை சொல்லாதே' என்று பொருளல்ல. 'இதை வேறு யாரிடமும் சொல்லாதே' என்பதே பொருள். நாம் 'வெளியே விடாதே' என்று சொல்வதற்கு நிகரானது அது. கதைகளைப் படித்து விடையளிக்கும் பகுதியில் இவ்வாக்கியம் வந்தால் மாணவர்கள் பெரும்பாலும் நேர்ப்பொருளையே எழுதிவிடுகிறார்கள்.

பதில்: துறைமுகப் பணியாளர், போர்ட் லூயி

வணக்கம். பள்ளிக் கட்டுரைக்கு இது நேரடியாகப் பயன்படாமல் போகலாம். ஆயினும் கடற்பணிக்குச் செல்ல விரும்பும் மாணவர்கள் நம் ஊரில் உள்ளமையால் எழுதுகிறேன். கப்பல்களோடு வானொலியில் பேசும்போது எதிர்முனையில் சொன்னது கேட்காவிட்டால் நாங்கள் 'ரிப்பீட்' என்று சொல்வதில்லை. 'சே அகெய்ன்' என்கிறோம். விமானப் போக்குவரத்து வானொலியிலும் அதுவே முறை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-ல் ஏற்றுக்கொண்ட கடல் தொடர்பு வாசகங்களில் 'ரிப்பீட்' என்ற சொல்லுக்குத் தனியான வேலை தரப்பட்டுள்ளது. தான் சொல்லும் செய்தியில் ஒரு பகுதி தவறாகக் கேட்கப்படக் கூடாது என்று கருதுபவர், தாமே 'ரிப்பீட்' என்று சொல்லிவிட்டு அந்தப் பகுதியை இன்னொரு முறை சொல்கிறார். 'டூ நாட் ஓவர்டேக், ரிப்பீட், டூ நாட் ஓவர்டேக்' என்பது போல. கப்பலின் மிதவை ஆழத்தைச் சொல்லும்போதும் எண்ணை ஒருமுறை முழுதாகவும், 'ரிப்பீட்' என்றபின் ஒவ்வோர் இலக்கமாகவும் சொல்வார்கள்.

படைத்துறையிலோ இச்சொல்லுக்கு இன்னும் கடுமையான பொருள். பீரங்கிப் படையின் வானொலியில் 'ரிப்பீட்' என்றால் முன்பு சுட்ட அதே இலக்கில் மறுபடியும் சுடு என்ற கட்டளை. சரியாகக் கேட்கவில்லை என்று சொல்ல நினைத்தவர் அச்சொல்லைப் பயன்படுத்தினால் விளைவு என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

கேட்டவர்: மாலைப் பள்ளி ஆசிரியை, ரோஸ் ஹில்

எல்லோருக்கும் என் உளமார்ந்த நன்றி. 'திரும்ப' என்ற சொல்லை மூடிப் பார்க்கும் முறையை நேற்றைய வகுப்பிலேயே செய்து பார்த்தோம். 'அவன் திரும்பத் திரும்பக் கதவைத் தட்டினான்' என்ற வாக்கியத்தைக் கொடுத்தேன். 'தட்டினான்' மிஞ்சுவதைக் கண்டதும், முன்பு 'ஹி ரிப்பீட்டட் டு நாக்' என்று எழுதியிருக்கக் கூடிய மாணவனே 'ஹி கெப்ட் நாக்கிங்' என்று எழுதினான்.

ஓர் ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. காவடித் திருவிழாவுக்காகப் பிள்ளைகளுக்குத் தேவாரம் பயிற்றும் அம்மையார் ஒருவர், பெற்றோருக்கான ஆங்கிலக் குறிப்பில் 'ரிப்பீட் த வெர்ஸ் த்ரீ டைம்ஸ்' என்று எழுதியிருந்தார். சில வீடுகளில் பிள்ளைகள் மூன்று முறை பாடினார்கள், சில வீடுகளில் நான்கு முறை. எது சரி?

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், காத்ர் போர்ன்

முதலில் கியூர்பிப் அம்மையாருக்கு ஒரு சொல். நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. 'ரிப்பீட் ஆஃப்டர் மீ' என்பதில் 'நான் சொல்வதை' என்ற பொருள் சூழலிலேயே வெளிப்படையாக இருப்பதால் சொல் மறைந்து நிற்கிறது; பூவேலையில் வடிவம் தானே மீள்கிறது, அதைச் செய்பவர் எவரும் அங்கே இல்லை. ஒரு மனிதர் ஒன்றைச் சொல்லும் அல்லது செய்யும் வாக்கியத்தில் மாணவன் 'எதை?' என்று கேட்டுப் பார்த்தால் போதும் என்று என் விதியைச் சுருக்கிக்கொள்வோம்.

தேவாரக் குறிப்பைப் பொறுத்தவரை, சொல்லின் கண்டிப்பான பொருளில் நான்கு முறை பாடிய வீடுகளே சரி. முதல் முறை பாடுவது பாடுதல். அதற்குப் பின் வருபவை மட்டுமே 'ரிப்பீட்'. ஒருமுறை பாடிவிட்டு மூன்று முறை திரும்பப் பாடினால் மொத்தம் நான்கு. ஆனால் அன்றாட ஆங்கிலத்தில் பலர், ஆங்கிலேயர் உட்பட, மொத்த எண்ணிக்கையையே மனத்தில் வைத்து 'ரிப்பீட் த்ரீ டைம்ஸ்' என்று எழுதுகிறார்கள். ஆகவே படிப்பவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று எழுதுபவரால் உறுதியாகச் சொல்ல முடியாது. உடற்பயிற்சிக் குறிப்பானாலும் ஆய்வுக்கூடக் குறிப்பானாலும் எண்ணிக்கை முக்கியமாகும் இடத்தில் இந்த வினையைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. 'சிங் த வெர்ஸ் த்ரீ டைம்ஸ்' என்று எழுதினால் எந்த வீட்டிலும் ஐயம் எழாது. 'ஓதுக' என்று தமிழில் எழுதும்போது நாமும் 'மும்முறை ஓதுக' என்றுதானே எழுதுகிறோம். 'மூன்று முறை திரும்ப ஓதுக' என்பதில்லை.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வரி. 'ரெக்கார்ட்' போன்ற சொற்களில் பெயருக்கும் வினைக்கும் அழுத்தம் இடம் மாறுவதைப் பார்த்த மாணவர்கள் 'ரிப்பீட்' பெயராக வரும்போது முதல் அசையை அழுத்துகிறார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பெயரானாலும் வினையானாலும் 'பீட்' என்ற இரண்டாம் அசைக்கே அழுத்தம் கொடுக்கும்படி சொல்லுங்கள். வாய்மொழித் தேர்வில் அது உதவும்.